கத்தி படாத பொம்மை

உட்கார்ந்திருக்கும் பெண் பொம்மையின் கழுத்தில் துருத்தியிருந்த அந்தச் சின்ன முண்டை முதலில் பார்த்தது பானுமதிதான். அவள் அதைப் பார்க்காமலே இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று பின்னால் தெருவில் நாலு பேர் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது?

சக்கரபாணியின் செராமிக் பட்டறையில் அந்த வருஷம் கொலுவுக்கு அந்த ஒரே பொம்மைதான் ஓடியது. காலை மடக்கி, மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். சூளையில் வெந்து வந்த பிறகுதான் கண் எழுதுவார்கள். அதுவரைக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று இரண்டு மேடு மட்டும் இருக்கும். சுவரோரம் முழுக்கப் பலகை போட்டு, கண்ணில்லாத பெண்கள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருப்பார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரம் அந்த வரிசைக்கு முதுகைக் காட்டி உட்கார மாட்டார்கள். போகப் போகப் பழகிவிடும்.

பானுமதிக்குப் பழகி வெகு காலம் ஆகிவிட்டது. சீவுவது அவள் வேலை. அச்சிலிருந்து வரும் பொம்மையின் இரண்டு விலாவிலும் அச்சு சேர்ந்த கோடு துருத்திக்கொண்டிருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, வாயால் ஊதிவிட்டுப் பலகையில் வைக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே பஞ்சால் துடைத்தும் எடுக்கலாம்தான். ஆனால் ஈரத்தில் விரல் பதிந்துவிடும், வேலை சுத்தமாக வராது. அதனால் அவள் நன்றாகக் காயவிட்டுத்தான் சீவுவாள். அப்படிக் காய்ந்த மண் கத்திக்கு மாவாக உதிரும். ஃபேன் போடக் கூடாது. ஒரு பக்கமாகக் காற்று பட்டால் பொம்மை கோணிக்கொண்டு வெடிக்கும். ஜன்னலிலும் சாக்கு தொங்கியது. சாயங்காலம் எழுந்து நின்றால் இமை மயிரெல்லாம் வெளுத்திருக்கும். “நமக்கு வயசாயிடுச்சிடி” என்று பக்கத்தில் உட்கார்ந்து சீவும் உபகாரமேரியிடம் சொல்லிச் சிரிப்பாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டு இருமுவார்கள்.

அந்த முண்டு பொம்மைக்கு இடது காறை எலும்புக்கு மேலே, கழுத்துக் குழியை ஒட்டி இருந்தது. முதலில் மிளகு அளவுதான். எல்லாப் பொம்மையிலும் அதே இடத்தில் அது இருந்தது. பானுமதி சீவித் தள்ளினாள். மறுநாள் வந்த பொம்மைகளிலும் இருந்தது. அதையும் சீவினாள். ஒரு வாரம் போனதும் மிளகு உளுந்தாகியிருந்தது. “மேரி, இத பாருடி, நேத்தைக்கு இவ்ளோ பெருசா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

“ஒனக்கு வேற வேல இல்லக்கா. சீவிட்டுப் போவியா” என்றாள் உபகாரமேரி.

வைகாசியில் ஒருநாள் காலையில் குளித்துவிட்டுத் தாலிக்கயிற்றில் மஞ்சள் பூசும்போது பானுமதியின் கட்டைவிரல் தன் கழுத்தில் ஓரிடத்தில் தட்டி நின்றது. இடது காறை எலும்புக்கு மேலே, கழுத்துக் குழியை ஒட்டி. தோலுக்கு அடியில் கெட்டியாக, வலியில்லாமல், உருட்டினால் நகராமல் ஒன்று உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் அந்தக் கட்டைவிரல் அதே அளவு முண்டை அதே இடத்தில் பொம்மைக்குப் பொம்மை தடவியிருந்தது. “அடி மாரியாத்தா!” என்று அவள் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். ஈரப் புடவையோடு வெகுநேரம் நின்றாள்.

புருஷன் தங்கதுரையிடம் சொல்லவில்லை. அவன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். விடியுமுன் போனால் இருட்டித்தான் வருவான். வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைப்பான். ரவிக்கை தொளதொளவென்று ஆகியிருந்ததையும், தொண்டை கரகரத்ததையும் அவன் கவனிக்கவில்லை. அவளே கவனிக்காதபோது அவனைச் சொல்லி என்ன?

இருமல் மருந்துக்கென்று ஆஸ்பத்திரிக்குப் போனவளைத் தலையை நிமிர்த்தச் சொல்லிக் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார் டாக்டர் அன்புக்கரசி. பெண்ணாடத்துப் பெண், வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. தொட்ட விரலைச் சட்டென்று எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இது வெறும் சளி இல்லம்மா. இந்தக் கட்டியில சின்ன ஊசி வெச்சி கொஞ்சூண்டு எடுத்துப் பாக்கணும். டி.பி.யா இருந்தா மாத்திரையிலயே சரியாப் போயிடும். வேற எதுவா இருந்தாலும் இப்பவே தெரிஞ்சிக்கிறது நல்லது.”

“ஊசியா? குத்துனா பரவிடாதுங்களா?”

“பரவாதும்மா. யாரு சொன்னாங்க ஒங்களுக்கு?”

யார் சொல்லவில்லை? ஊரே அதைத்தான் சொல்கிறது. தங்கதுரையின் அக்கா ராஜாம்பாள் கம்மாபுரத்தில் வாழ்ந்தவள். மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, அடுத்த பொங்கலைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தாள். கத்தி வைத்ததுதான் தப்பு, சும்மா கிடந்ததைக் கிளப்பிவிட்டுவிட்டார்கள் என்று சாவு வீட்டில் பேசாத வாய் இல்லை. அந்தக் கட்டியை ராஜாம்பாள் ரவிக்கைக்குள் எவ்வளவு காலம் மறைத்து வைத்திருந்தாள், புண்ணாகி வாடை வந்த பிறகல்லவா ஆஸ்பத்திரிக்குப் போனாள் என்பதை மட்டும் ஒருத்தரும் பேசுவதில்லை.

“வூட்டுல கேட்டுட்டு வரேங்க” என்று சொல்லிவிட்டு வந்த பானுமதி, திரும்பிப் போகவில்லை. தங்கதுரையிடம் அன்று சொன்னாள். அவன் முகம் செத்துப்போயிற்று. “வேணாம் பானு. எங்க அக்காவ நான் பாத்தவன். கத்தியும் வேணாம், ஊசியும் வேணாம். அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்றான். அவன் பயத்தில் சொன்னான், பிரியத்தில் சொன்னான். இரண்டும் சேர்ந்துவிட்டால் எதிர்த்துப் பேச முடியுமா?

அதற்கு மேல் பட்டறை வேறு அவளுக்குத் தினமும் பாடம் நடத்தியது. சீவச் சீவ அந்த முண்டு பெருத்தது. உளுந்து துவரையானது, துவரை மொச்சையானது. இன்றைக்கு அடியோடு சீவித் தள்ளினால் நாளைக்கு வரும் பொம்மையில் இன்னும் புடைத்துக்கொண்டு வந்தது. கத்தி பட்டால் வளர்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கண்ணால் பார்க்கிறாள், கையால் தொடுகிறாள். சீவும்போதெல்லாம் இடது கை தானாகப் போய்த் தன் கழுத்தைப் பொத்திக்கொண்டது.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போயிருந்தது. எல்லாரும் வேப்பமரத்தடிக்குச் சாப்பிடப் போய்விட்டார்கள். பானுமதிக்குச் சோறு இறங்கவில்லை, உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மோட்டார் சத்தம் நின்றுபோனதும் பட்டறைக்குள் வேறொரு சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக். காயும் மண் சுருங்கும்போது அப்படித்தான் சத்தம் வரும், அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் அன்றைக்கு அது ஒன்றுக்கொன்று பேசிக்கொள்வதுபோல இருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். பலகைகளில் இருந்த அத்தனை பொம்மையும் கொஞ்சமே கொஞ்சம் தலையைச் சாய்த்திருந்தன. எல்லாத் தலையும் அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்திருந்தது.

அவளுக்குப் பின்னால் ஜன்னல் சாக்கு கிழிந்து காற்று வந்துகொண்டிருந்ததை அவள் பிறகுதான் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் அது தெரியவில்லை. கண்ணில்லாத முகங்கள், ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்த முண்டு. “என்னாடி பாக்குறீங்க?” என்று கேட்டாள். தன் குரல் தனக்கே கரகரவென்று வேறு யாருடையதோ போலக் கேட்டது. கையில் இருந்த பொம்மையைச் சீவ மனம் வரவில்லை. அதன் முகத்தைப் பார்த்து, “ஒன்ன நான் தொடல. கத்தியே வெக்கல. நீயும் வளராம இரு. நீ இருந்தீன்னா நானும் இருப்பேன்” என்றாள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். உயிர் பயம் வந்தவள் மரத்தோடு பேசுவாள், கல்லோடு பேசுவாள், பானுமதி மண்ணோடு பேசினாள்.

பட்டறையில் அந்தப் பொம்மைக்கு எட்டு அச்சு உண்டு. அவள் கையில் இருந்த பொம்மை குழாயடியில் இருக்கும் அச்சிலிருந்து வந்தது. அதைப் பழைய துணியில் சுற்றித் தன் பலகைக்கு அடியில் வைத்தாள். பிளாஸ்டர் அச்சில் மண்குழம்பை ஊற்றி, இறுகியதும் திறந்து பொம்மையை எடுக்கும் கொளஞ்சிநாதனிடம், “தம்பி, கொழாயடி அச்சுல வர்றத மட்டும் தெனமும் தனியா எங்கிட்ட வையி” என்று சொல்லிவைத்தாள். அவன் எதற்கென்று கேட்கவில்லை. அந்த அச்சின் பொம்மைகளில் அவள் கத்தியே வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் துணிக்கு அடியில் அடுக்கி, இடம் நிறைந்ததும் பழையதை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் கரைத்துவிடுவாள். முதல் பொம்மையை மட்டும் கரைக்கவில்லை. சக்கரபாணி ஒருநாள் தொட்டியில் கரையாமல் கிடந்த தலையைப் பார்த்துவிட்டு, “என்னா பானுமதி, கைய வுட்டு வுட்டு ஒடைக்கிற? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?” என்று கேட்டார். “கை நழுவிடுச்சிங்க” என்றாள்.

துணியைப் பிரித்துப் பார்க்கவில்லை. வேண்டுதல் வைத்த இடத்தை எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவளாக ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். புதிதாக வரும் பொம்மையையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணிக்குள் தள்ளிவிடுவாள். அவள் உயிர் அந்தத் துணிக்குள் இருக்கிறது என்று நிஜமாகவே நம்பினாள். தன் கழுத்தையும் தொட்டுப் பார்க்காமல் இருந்தாள். தாலிக்கயிற்றுக்கு மஞ்சள் பூசுவதைக்கூட நிறுத்திவிட்டாள்.

ஆடிப் பதினெட்டுக்கு லீவு விட்டு, மறுநாள் வேலை ஆரம்பித்தபோது அவளால் பொறுக்க முடியவில்லை. துணியைப் பிரித்து முதல் பொம்மையையும் கடைசிப் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். முதல் பொம்மையில் மொச்சை அளவு. கடைசிப் பொம்மையின் கழுத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கழலை, அதன் மேல் இன்னொரு சின்ன மேடு முளைத்து நின்றது. தோள்பட்டையே ஒரு பக்கம் வீங்கினாற்போல் இருந்தது. அவள் தினமும் சீவும் மற்ற அச்சுகளிலிருந்து புதிதாக வந்த, இன்னும் சீவாத பொம்மை ஒன்றை எடுத்து வந்து மூன்றாவதாக வைத்தாள். அதிலும் அதே கொட்டைப்பாக்கு. ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.

சீவியதும் வளர்ந்திருந்தது, சீவாததும் வளர்ந்திருந்தது. அவள் கை கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றல்ல, இரண்டு இருந்தன.

“தம்பி! கொளஞ்சி! இங்க வா!” கத்த நினைத்தாள்; குரல் காற்றாகத்தான் வந்தது. “இது எப்புடி வளருது? நான் கத்தியே வெக்கலியே!”

கொளஞ்சிநாதன் பொம்மையைத் திருப்பிப் பார்த்தான். “அட, இதுவா! அச்ச வந்து பாருக்கா” என்றான். அவள் தயங்கினாள். சீவும் பெண்கள் அச்சைத் தொடக் கூடாது என்பது அந்தப் பட்டறையில் சட்டம். தலைக்கு எண்ணெய் வைத்த கை பட்டால் அச்சு தண்ணீரை உறிஞ்சாது என்பார்கள். ஆண்களெல்லாம் தலைக்கு எண்ணெயே வைக்காதவர்கள் போல! அதனால் அத்தனை வருஷத்தில் ஒரு அச்சின் உள்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. பொம்மை அவளிடம் வரும், போகும்; அது எங்கிருந்து வருகிறது என்று எட்டிப் பார்க்கத் தோன்றியதில்லை.

அச்சின் இரண்டு பாதியையும் விரித்துக் காட்டினான். வெள்ளையான அந்தப் பள்ளத்தில் ஒரு பெண் இடம் வலம் மாறி, உள்வாங்கியபடி உட்கார்ந்திருந்தாள். கழுத்தருகே ஒரு குழி.

“அச்சு எடுக்குற பழைய தாய் பொம்ம ஒடைஞ்சி போச்சில்ல, கடையில இருந்த ஒரு பொம்மைய வெச்சித்தான் எட்டு அச்சும் எடுத்தேன். அந்தப் பொம்மையில கழுத்தாண்ட ஒரு பொட்டு மாதிரி இருந்திருக்குது. நான் பாக்கல. அதான் எட்டுலயும் வுழுந்துடுச்சி. ஒவ்வொரு தடவ பொம்மைய எடுக்கும்போதும் அந்தக் குழியில மாட்டி, கொஞ்சம் அச்சையும் பிச்சிக்கிட்டு வருது. நாளைக்கு வர்றது இன்னும் பெருசா இருக்கும். வெளிய வந்த பொம்மைய நீ சீவுனா என்னா, பூ வெச்சிக் கும்புட்டா என்னா? அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா.”

பானுமதி அங்கேயே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தி வளர்க்கவில்லை. கத்தி வைக்காததும் நிறுத்தவில்லை. இத்தனை மாதமாக அவள் கழுத்தை யாரும் தொடாமல் காத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே அது தன் பாட்டுக்கு நாளுக்கு நாள் வளர்ந்துகொண்டேயிருந்திருக்கிறது. புடவையை உதறிக்கொண்டு எழுந்து, யாரிடமும் சொல்லாமல், மாவு படிந்த முகத்தோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அன்புக்கரசி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். ஊசி குத்தியது எறும்பு கடித்தமாதிரிதான் இருந்தது. இதற்கா இவ்வளவு என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. புதுச்சேரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தாள். எல்லா முடிவும் வந்த அன்றைக்குத் தங்கதுரையும் கூட வந்து நின்றான்.

நுரையீரலில் புற்றுநோய், அங்கே ஆரம்பித்துக் கழுத்து நெறிக்கட்டுக்கு வந்திருக்கிறது என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். மருந்து ஏற்றலாம், கரண்ட் என்று சொல்லும் கதிர்வீச்சு வைக்கலாம், கட்டுப்படுத்தப் பார்க்கலாம் என்றார். முழுசாகப் போய்விடும் என்று அவர் சொல்லவில்லை, பானுமதியும் கேட்கவில்லை.

“நான் மொதல்ல வந்தப்பவே குத்தியிருந்தா?”

டாக்டர் பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்துப் பார்த்தார். “அப்பவே கழுத்துக்கு வந்துட்டுதும்மா. அப்பவும் லேசுன்னு சொல்ல மாட்டேன். ஆனா இந்த மாசமெல்லாம் நம்ம கையில இருந்திருக்கும்.”

“இது எங்கேர்ந்துங்க வந்துது எனக்கு? நான் யாருக்கு என்னா செஞ்சேன்?”

“நீங்க ஒண்ணும் செய்யலம்மா. ஒடம்புல இருக்குற செல்லு தேயும், சாவும். பக்கத்துல இருக்குற செல்லு ரெண்டாப் பிரிஞ்சி அந்த எடத்த நெரப்பும். எப்புடி இருக்கணும், எப்ப பிரியணும், எப்ப நிறுத்தணும்னு எல்லாம் அதுக்குள்ளாறயே எழுதியிருக்குது. பிரியும்போது அதப் பாத்து அப்புடியே எழுதிக்கும். அதுல எப்பவாவது ஒரு எழுத்து தப்பாயிடும். பெரும்பாலும் ஒடம்பே கண்டுபிடிச்சித் திருத்திடும், இல்லன்னா அந்த செல்ல சாவடிச்சிடும். இது தெனமும் நடக்குது. எனக்கும் நடக்குது.”

“அப்பறம்?”

“ஒரே எடம் திரும்பத் திரும்பப் புண்ணாச்சின்னா, ஆறுறதுக்காக திரும்பத் திரும்பப் பிரிஞ்சிகிட்டே இருக்கணும். தப்பு மேல தப்பா சேரும். கடைசில நிறுத்துன்னு எழுதியிருக்குற எடத்துலயும் தப்பு வுழுந்துடுச்சின்னா, அது நிறுத்தாது. சாவவும் சாவாது.”

பானுமதியின் விரல் கழுத்துக் கட்டிக்குப் போனது. பிறகு, “அச்சுல குழி வுழுந்துடுச்சி” என்றாள். டாக்டர் புரியாமல் பார்த்ததும் பட்டறைக் கதையை, மூச்சு விட்டு விட்டு, முழுசாகச் சொன்னாள்.

அன்புக்கரசி கேட்டு முடித்துவிட்டு, “கிட்டத்தட்ட அப்புடித்தான். ஆனா ஒங்க பட்டறையில ஊத்துறதுக்கு ஒரு ஆளு வேணும். இங்க ஆளே வேணாம். வர்ற ஒவ்வொரு பொம்மையும் ஒரு அச்சு” என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாமோ என்பதுபோல அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

பானுமதி அந்தக் கையை விடவில்லை. “வெளியேர்ந்து வந்தது இல்லீங்களா?”

“இல்லம்மா. அதுவும் ஒங்க ஒடம்புதான்.”

வெளியிலிருந்து வந்தது தூசிதான் என்று டாக்டர் நினைத்தார். மண்ணில் கலக்கும் வெள்ளைக்கல் மாவு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது, வருஷக் கணக்காக அங்கேயே கிடந்து அறுக்கும் என்றார். ஈரமாக இருக்கும்போது துடைத்திருந்தால் இவ்வளவு பறந்திருக்காது. அது மட்டும்தான் என்று சத்தியம் செய்ய முடியாது என்றும் சொன்னார். பீடி, சிகரெட் புகை, புகையிலை, அடுப்புப் புகை, சில கிருமிகள், வயது, பிறக்கும்போதே இருக்கும் ஒரு தப்பு என்று எத்தனையோ உண்டு. ஒரு காரணமும் இல்லாமல் வருகிறவர்களும் இருக்கிறார்கள். பீடி என்றதும் தங்கதுரையின் கை சட்டைப்பைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முடி கொட்டியது. வாய் புண்ணாகி வெந்நீர்கூட எரிந்தது. குரல் போயே போய்விட்டது. காதை வாயருகே வைத்தால்தான் பேச்சு புரியும். தெருவில் பேச ஆள் குறைவா? “நடந்து போனவ, ஊசி குத்துனாங்க, இப்புடி ஆயிட்டா” என்று முதலில் யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. அது கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கும் அவள் பிறந்த வீடு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது ஊசி கத்தியாகியிருந்தது. தங்கதுரையே ஒருநாள் வாசலில் யாரிடமோ, “சும்மா கெடந்துதுங்க. குத்துன பெறவுதான்” என்று சொல்வது அவள் காதில் விழுந்தது. மருந்து ஏற்றும் முறைநாள் வந்தபோது பானுமதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போதும் என்று கையை ஆட்டினாள். “சரி, வுட்டுடு. கஷ்டப்பட்டது போதும்” என்றான் தங்கதுரை. அவனுக்கும் அழுகையாக வந்தது.

அதற்கு மறுநாள் சாயங்காலம் உபகாரமேரி வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள். வேலை விட்டு நேராக வந்திருப்பாள் போலிருக்கிறது, இமை மயிர் வெளுத்துக் கிடந்தது. கட்டிலில் உட்கார்ந்து பானுமதியின் தலையைத் தடவிக்கொண்டே அழுதாள். அழுகை இருமலானது. அந்த இருமல் நிற்கவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு அதை அவசரமாக மடித்துச் செருகிக்கொண்டாள். மடிப்பதற்கு முன் அதில் சிவப்பாக ஒரு கீற்று இருந்ததைப் பானுமதி பார்த்துவிட்டாள். மேரியின் ரவிக்கை தோளில் தொளதொளவென்று தொங்கியது.

பானுமதி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். மேரி குனிந்து காதைக் கொடுத்தாள். “ஆஸ்பத்திரிக்குப் போ” என்றாள் பானுமதி. “டாக்டரம்மாகிட்ட கழுத்தக் காட்டு. நெஞ்சப் படம் எடு. குத்தணும்னா குத்திக்க.”

மேரி கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். “போனேன்க்கா. படம் எடுத்தாங்க. குழா வுட்டு எடுத்துப் பாக்கணும்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன்.”

“ஏன்டி?”

“ஒன்னப் பாத்ததுக்கு அப்பறமுமாக்கா?” என்றாள் மேரி. குரலில் கோபமில்லை, பாவம், பிரியமாகத்தான் சொன்னாள். “நீ நல்லாத்தானே இருந்த. சீவிகிட்டு, சிரிச்சிகிட்டு எம் பக்கத்துல ஒக்காந்திருந்தவதானே! குத்துனாங்க, கொண்டுபோயிட்டாங்க. எனக்கு வேணாம். மாதா வுட்ட வழி.”

அப்படியில்லை, உள்ளே ஏற்கெனவே இருந்தது, ஊசி அதை வளர்க்கவில்லை, நான் இரண்டு பொம்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன் என்று பானுமதி சொன்னாள், சொல்லிக்கொண்டேயிருந்தாள். காற்றுதான் வந்தது. மேரி, “சரிக்கா, சரிக்கா, பேசாத, வலிக்கும்” என்று அவள் வாயைப் பொத்தினாள். போர்வையை இழுத்துவிட்டாள். “போயிட்டு வரேண்ணா” என்று தங்கதுரையிடம் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினாள். அவள் இருமிக்கொண்டே போவது தெரு முனைவரைக்கும் கேட்டது.

பானுமதி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். தன் சாவு வீட்டில் என்ன பேசுவார்கள் என்பது இப்போதே காதில் விழுந்தது. ராஜாம்பாளைப் பற்றிப் பேசியது போலவே பேசுவார்கள், ஊசி குத்தித்தான் போனாள் என்று இவள் பெயரும் அதோடு சேரும், அவ்வளவுதான். அதைக் கேட்டுக்கொண்டு மேரி ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பாள், முந்தானையை மடித்தபடி.

கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள். தலை சுற்றியது. காலைக் கீழே வைத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிப் பையை ஆணியிலிருந்து எடுக்கப் போனவளைப் பார்த்துத் தங்கதுரை ஓடிவந்து தாங்கினான்.

“என்னா பானு? என்னா வேணும்?”

“வண்டிய எடுங்க” என்றாள்.

“எங்க?”

“மருந்து ஏத்த.”

“நேத்துத்தானே வேணாம்னு சொன்ன?”

அவன் சட்டையைப் பிடித்துக் காதைத் தன் வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். ஒவ்வொரு சொல்லாக, மூச்சு வாங்கிக்கொண்டு, அவனுக்கு விளங்கும்படி சொன்னாள்.

“நான் செத்தா, மேரியும் செத்துடுவா.”